பட்ஜெட்டில் அறிவித்தாகிவிட்டது, பணம் எங்கே?

வைகைக்கரை | 16 மார்ச் 2025, காலை 10.12

வெள்ளிக்கிழமை தமிழ்நாடு பட்ஜெட் வாசித்தாகிவிட்டது. பள்ளிக் கல்விக்கு 46,767 கோடி என்று எல்லாச் சேனலிலும் ஓடுகிறது. போன வருஷம் அறிவித்த வகுப்பறைக் கட்டடம் என்ன ஆயிற்று என்று கேட்டால் "அலாட்மென்ட் வரவில்லை" என்பதுதான் எங்கும் கிடைக்கும் பதில். சட்டமன்றம் பாஸ் பண்ணிய பணத்தை நிறுத்தி வைக்க யாருக்கு உரிமை இருக்கிறது? என் வாதம் இதுதான்: பட்ஜெட் வாசித்த அன்றே பணம் ஒதுக்கியாயிற்று, மீதியெல்லாம் இழுத்தடிப்பு. தப்பென்றால் விளக்குங்கள்.

மேஜர்ஹெட் | 16 மார்ச், காலை 11.05

தப்புதான். வெள்ளிக்கிழமை அவை ஒரு பைசாவுக்கும் அனுமதி தரவில்லை. அன்று நடந்தது அரசமைப்புச் சட்டப் பிரிவு 202-இன்படி ஆண்டு நிதிநிலை அறிக்கையை அவையின் முன் வைத்தது. அதற்கு ஓட்டெடுப்பே கிடையாது.

அனுமதி இனிமேல்தான், இரண்டு கட்டமாக வரும். முதலில் பிரிவு 203: துறைவாரியாக மானியக் கோரிக்கை (இவ்வளவு பணம் வேண்டும் என்று துறை அவையிடம் கேட்பது) வரும், அவை ஏற்கலாம், மறுக்கலாம், குறைக்கலாம். கூட்ட முடியாது. பிறகு பிரிவு 204: ஏற்ற மானியங்களையெல்லாம் திரட்டி ஒரு நிதி ஒதுக்கச் சட்டமுன்வடிவு. அது நிறைவேறி, ஆளுநர் ஒப்புதல் பெற்று, அரசிதழில் வந்தால்தான் தொகுப்பு நிதியிலிருந்து (அரசின் வருவாயும் கடனும் சேரும் மையக் கணக்கு) பணம் எடுக்கலாம். சட்டப்படி ஒதுக்காமல் எடுக்கக் கூடாது என்று 204(3) தெளிவாகச் சொல்கிறது.

பட்ஜெட் உரையை அரசின் எண்ணம் என்று படியுங்கள். உத்தரவு என்று படித்தால் ஏமாற்றம்தான்.

மேஜர்ஹெட் | 16 மார்ச், காலை 11.20

விட்டுப்போன ஒன்று. 46,767 கோடி என்பது அந்தத் துறையின் மொத்தம். அதில் பெரும்பகுதி ஆசிரியர் சம்பளம். வகுப்பறைக் கட்டடம் அதற்குள் இருக்கிறதா என்பதே சந்தேகம். ஊராட்சி ஒன்றியப் பள்ளி என்றால் கட்டடப் பணம் ஊரக வளர்ச்சித் துறைக் கோரிக்கையில் (எண் 42) இருக்க வாய்ப்பு அதிகம். பள்ளிக் கல்விக் கோரிக்கையின் எண் 43. உயர்நிலை, மேல்நிலைப் பள்ளி என்றால் நபார்டு கடனில் பொதுப்பணித் துறை கட்டும் வேலையாக இருக்கலாம். எந்தப் பள்ளி என்று தெரியாமல் கோரிக்கைப் புத்தகத்தைத் திறக்காதீர்கள்.

திருப்பாச்சேத்தி | 16 மார்ச், பிற்பகல் 2.40

சரி, ஏப்ரல் 1-ஆம் தேதி சம்பளம் எப்படிப் போகும்? மானியக் கோரிக்கை விவாதம் ஏப்ரல் கடைசி வரை ஓடும் என்கிறார்களே.

மேஜர்ஹெட் | 16 மார்ச், மாலை 6.15

நல்ல கேள்வி. ஏப்ரல் 1 அன்று சட்டம் கையில் இல்லையென்றால் கருவூலம் ஒரு பில்லையும் பாஸ் பண்ணக் கூடாது. அதற்குத்தான் பிரிவு 206, முன்பண மானியம். முழு விவாதம் முடியும்வரை சில மாதச் செலவுக்கு மட்டும் அவை முன்கூட்டி அனுமதி தருகிறது. இதற்கும் தனியாக ஒரு நிதி ஒதுக்கச் சட்டம் வேண்டும். அதை மார்ச் 31-க்குள் முடித்தாக வேண்டும்.

போன வருஷத்தைப் பாருங்கள். நாடாளுமன்றத் தேர்தல் வந்ததால் பிப்ரவரி 19-இல் பட்ஜெட், சில நாளில் அவை முடிந்தது. மானியக் கோரிக்கைகளுக்கான கூட்டம் ஜூன் 20-இல்தான் தொடங்கி 29-இல் முடிந்தது. இடையில் அரசு ஓடியது முழுக்க முன்பண மானியத்தில். காலையும் மாலையுமாக இரண்டு வேளை அவை கூட்டி முடித்தார்கள்.

முன்பண மானியக் காலத்தில் புதுத் திட்டம் தொடங்கக் கூடாது என்பது நடைமுறை. சம்பளம், ஓய்வூதியம், நடந்துகொண்டிருக்கும் வேலை, இவ்வளவுதான். போன வருஷ அறிவிப்புகள் ஆமை வேகத்தில் நகர்ந்ததற்கு இது ஒரு பெரிய காரணம். பிப்ரவரி அறிவிப்புக்கு முழுச் சட்ட அனுமதி வந்தது ஜூன் முடிவில். அப்புறம் அரசாணை, அப்புறம் டெண்டர், அப்புறம் வடகிழக்குப் பருவமழை.

முழு ஆண்டுச் சட்டம் வந்ததும் முன்பணத் தொகை அதற்குள் அடங்கிவிடும். இரண்டையும் கூட்டிப் பார்த்து "இவ்வளவு அதிகமா" என்று பதறுபவர்கள் வருஷா வருஷம் உண்டு.

தணிக்கைத்தாள் | 16 மார்ச், இரவு 8.02

மேஜர்ஹெட் சொன்னதில் ஒரு சேர்க்கை. இடைக்கால பட்ஜெட்டையும் முன்பண மானியத்தையும் பத்திரிகைகள் ஒன்றாக எழுதுகின்றன. இரண்டும் வேறு. இடைக்கால பட்ஜெட் என்பது தேர்தல் வருஷத்தில் வைக்கும் முழு வரவு செலவு மதிப்பீடுதான், கொள்கை மாற்றம் இருக்காது, அவ்வளவே. 2021-இல் பிப்ரவரி 23 அன்று ஓ. பன்னீர்செல்வம் வைத்தது அது. ஆட்சி மாறி ஆகஸ்ட் 13 அன்று பழனிவேல் தியாகராஜன் திருத்த பட்ஜெட் வைத்தார். முன்பண மானியம் என்பது செலவுக்கான ஓட்டு. வருவாய்ப் பக்கம் அதில் வராது.

திருப்பாச்சேத்தி | 17 மார்ச், காலை 7.50

அப்போது வேளாண் பட்ஜெட்? அதுவும் ஒரு நிதிநிலை அறிக்கையா? ஒரே மாநிலத்துக்கு இரண்டு பட்ஜெட் சட்டப்படி செல்லுமா?

மேஜர்ஹெட் | 17 மார்ச், காலை 9.10

சட்டப்படி ஒன்றுதான். 2021 ஆகஸ்ட் 14-இல் தொடங்கிய வேளாண் பட்ஜெட் பல துறைகளின் கோரிக்கைகளில் சிதறிக் கிடக்கும் விவசாயச் செலவைத் திரட்டிக் காட்டும் ஆவணம். வேளாண்மை, கூட்டுறவு, கால்நடை, நீர்வளம், இலவச மின்சாரத்துக்கான மானியம் எல்லாம் அதற்குள் வரும். ஓட்டு நடப்பது அந்தந்தத் துறைக் கோரிக்கையில். "வேளாண் பட்ஜெட் நிறைவேறியது" என்று ஒரு நாள் அவைக்குறிப்பில் தேடினால் கிடைக்காது.

மேஜர்ஹெட் | 17 மார்ச், இரவு 10.30

வைகைக்கரையின் முதல் கேள்விக்குத் திரும்புகிறேன். "சட்டமன்றம் பாஸ் பண்ணிய பணம்" என்றால் சட்டமன்றம் எதைப் பாஸ் பண்ணியது? இதைப் பிடித்துக்கொண்டால் பாதிக் குழப்பம் தீரும்.

நிதி ஒதுக்கச் சட்டத்தின் அட்டவணையை எடுங்கள். கோரிக்கை எண், துறை, வருவாய்ச் செலவு எவ்வளவு, மூலதனம் எவ்வளவு, கடன் எவ்வளவு. அதற்குப் பக்கத்தில் இரண்டு பத்தி: அவை ஓட்டளித்தது, சார்ஜ்டு (அவையின் ஓட்டு தேவைப்படாத செலவு). கடைசியில் கூட்டல். சட்டம் அவ்வளவுதான். உங்கள் ஊர், உங்கள் பள்ளி, உங்கள் திட்டத்தின் பெயர் எதுவும் அதில் இல்லை.

அதற்குக் கீழே உள்ளதெல்லாம் கோரிக்கைப் புத்தகத்தின் விவரம். 2202 பொதுக்கல்வி என்ற பெருந்தலைப்பு, 01 தொடக்கக் கல்வி, 101 அரசுத் தொடக்கப் பள்ளிகள், பிறகு திட்டத்துக்கான இரண்டெழுத்துக் குறி, பிறகு 301 சம்பளம், 305 அலுவலகச் செலவு, 309 உதவி மானியம், 316 பெரும் பணிகள் என்று இறங்கும். முதல் இலக்கத்தைப் பார்த்தாலே பாதி தெரிந்துவிடும்: 2, 3 என்று தொடங்கினால் வருவாய்ச் செலவு, 4, 5 மூலதனம், 6, 7 கடன், 8 பொதுக் கணக்கு (அரசிடம் வைப்பாக இருக்கும் பணம்). கட்டடம் பெரும்பாலும் 4202-இல் இருக்கும். ஆகவே 2202-ஐப் புரட்டிக்கொண்டு கட்டடத்தைத் தேடாதீர்கள்.

இந்த விவரத்துக்குள் ஒரு தலைப்பிலிருந்து இன்னொன்றுக்குப் பணத்தை நகர்த்த நிதித் துறைக்கு அதிகாரம் உண்டு. அதுதான் மறு ஒதுக்கீடு. அவைக்குத் திரும்ப வர வேண்டியதில்லை. தடைகள் சில: ஒரு கோரிக்கையிலிருந்து இன்னொரு கோரிக்கைக்குப் போகக் கூடாது. வருவாயிலிருந்து மூலதனத்துக்குப் போகக் கூடாது. ஓட்டளித்ததையும் சார்ஜ்டையும் கலக்கக் கூடாது. அவை பார்த்தே இராத புதுப் பணிக்கு மாற்றக் கூடாது. மார்ச் 31-க்குப் பிறகு உத்தரவு போடக் கூடாது. இந்த வேலிக்குள் என்ன வேண்டுமானாலும் நடக்கலாம், நடக்கிறது.

எனவே "பள்ளிக் கட்டடத்துக்கு அவை ஒதுக்கிய பணம்" என்று ஒன்று கிடையாது. கோரிக்கை 43-இன் மூலதனப் பகுதிக்கு அவை ஒதுக்கியது என்பதுதான் சரி. என்னைக் கேட்டால், இந்த அளவு தாராளம் நிர்வாகத்துக்குத் தேவைதான். ஆனால் அதை மறைத்துவிட்டுத் திட்டம் திட்டமாக உரை வாசிப்பது சரியில்லை.

சிவகாசி_டைரி | 18 மார்ச், காலை 8.35

சார்ஜ்டு செலவு பற்றி அவையில் பேசவே முடியாது, அதுதான் ஜனநாயகத்தில் ஓட்டை. வட்டி மட்டும் எவ்வளவு போகிறது பாருங்கள்.

தணிக்கைத்தாள் | 18 மார்ச், காலை 9.48

பேசலாம். ஓட்டளிக்கத்தான் முடியாது. 203(1)-ஐ முழுதாகப் படியுங்கள், விவாதத்துக்குத் தடை இல்லை என்று அதிலேயே எழுதியிருக்கிறது. சார்ஜ்டு பட்டியலில் இருப்பவை: ஆளுநரின் ஊதியமும் படிகளும், பேரவைத் தலைவர், துணைத் தலைவரின் ஊதியம், கடன் வட்டி, கடன் திருப்பம், உயர் நீதிமன்ற நீதிபதிகளின் ஊதியம், உயர் நீதிமன்ற நிர்வாகச் செலவு, தேர்வாணையச் செலவு, நீதிமன்றத் தீர்ப்பின்படி கொடுக்க வேண்டிய தொகை. நீதிபதிகளின் ஓய்வூதியம் மட்டும் ஒன்றியத்தின் தொகுப்பு நிதியில் சார்ஜ்டு. வினாத்தாள் தயாரிப்பவர்களுக்குப் பிடித்த இடம் அது.

வட்டியை ஓட்டுக்கு விட்டால் என்ன ஆகும்? ஒரு பேரவை கோபத்தில் "தர மாட்டோம்" என்று சொன்னால் மறுநாள் அந்த மாநிலக் கடன் பத்திரத்தை யாரும் வாங்க மாட்டார்கள். ஓட்டையாகத் தெரிவது அதற்காக வேண்டுமென்றே விட்ட இடம்.

மேஜர்ஹெட் | 18 மார்ச், பகல் 12.20

மேலே சொன்னதோடு எனக்கு முழு உடன்பாடு இல்லை. சட்டம் சரி, அளவுதான் கவலை. 2025-26 மதிப்பீட்டில் வருவாய் வரவு 3,31,569 கோடி. வட்டி சுமார் 70 ஆயிரம் கோடி. வரும் ஐந்து ரூபாயில் ஒன்றுக்கு மேல் அவையின் ஓட்டுக்கே வராமல் போகிறது. மீதியில் சம்பளம், ஓய்வூதியம் என்று நடைமுறையில் மறுக்க முடியாதவை போக, உறுப்பினர்கள் உண்மையில் "வேண்டாம்" என்று சொல்லக்கூடிய பகுதி மிகச் சின்னது. விவாத நேரமும் ஏறக்குறைய அந்த அளவுக்கே சுருங்கிவிட்டது என்பதுதான் வேடிக்கை.

திருப்பாச்சேத்தி | 24 மார்ச், இரவு 9.15

துறைவாரி விவாதம் தொடங்கிவிட்டது. வெட்டுத் தீர்மானம் நூற்றுக்கணக்கில் கொடுக்கிறார்கள், கடைசியில் அமைச்சர் திரும்பப் பெறச் சொல்கிறார், மானியம் நிறைவேறுகிறது. இது என்ன சடங்கு?

மேஜர்ஹெட் | 24 மார்ச், இரவு 11.02

சடங்கு என்று ஒதுக்கிவிட வேண்டாம். வெட்டுத் தீர்மானம் மூன்று வகை என்பது நாடாளுமன்ற மரபு. தொகையை ஒரு ரூபாயாகக் குறைக்கச் சொன்னால் கொள்கையையே ஏற்கவில்லை என்று பொருள். குறிப்பிட்ட தொகையைக் குறைக்கச் சொன்னால் சிக்கனம். 100 ரூபாய் குறைக்கச் சொன்னால் ஒரு குறிப்பிட்ட குறையைப் பேச இடம் கேட்பது. நம் அவையில் வருபவை பெரும்பாலும் மூன்றாவது வகை. ஓர் உறுப்பினர் தன் தொகுதிச் சாலையையும் தடுப்பணையையும் பதிவேட்டில் ஏற்ற அதுதான் வழி.

ஒரு வெட்டுத் தீர்மானம் ஓட்டில் வென்றால் அரசு பெரும்பான்மை இழந்ததாகக் கொள்வது மரபு. ஆளுங்கட்சி அதற்கு இடம் தராது. அதனால் 100 ரூபாய்கூடக் குறையாது. கடைசி நாள்களில் பேச நேரம் கிடைக்காத சிறிய கோரிக்கைகள் விவாதமின்றி ஒன்றாக ஓட்டுக்குப் போகும். எந்தத் துறைக்கு எத்தனை நாள் என்பதை முடிவு செய்வது அலுவல் ஆய்வுக் குழு. எனவே உண்மையான பேரம் நடப்பது அந்தக் குழுவில்.

கேரளத்தில் கோரிக்கைகள் துறைவாரிக் குழுக்களுக்குப் போய் ஆய்வுக்குப் பிறகே அவைக்குத் திரும்புகின்றன. இங்கே நேரடியாக அவையில். குழு இருந்தால் உடனே எல்லாம் மாறிவிடாது. ஆனால் நிதித் துறைச் செயலாளரை உட்கார வைத்து "போன வருஷம் இந்தத் தலைப்பில் ஏன் பாதிகூடச் செலவாகவில்லை" என்று கேட்க ஒரு மேசையாவது கிடைக்கும்.

சிவகாசி_டைரி | 25 மார்ச், காலை 7.05

விவாதத்துக்குப் பதில் சொல்லும்போது அமைச்சர்கள் வாசிக்கும் புது அறிவிப்புகள்? 110 விதி அறிவிப்புகள்? அவற்றுக்கும் பணம் இருக்காதா?

மேஜர்ஹெட் | 25 மார்ச், காலை 8.30

கோரிக்கைப் புத்தகம் அச்சாகிப் பல நாள் கழித்து அறிவிக்கிறார்கள். சில அறிவிப்புகளுக்கு அதில் ஏற்கெனவே இடம் இருக்கும், பெயர் சொல்லாமல் மொத்தத் தொகையாக வைத்திருப்பார்கள். பலவற்றுக்கு இருக்காது. 110-ஆவது விதி பொது முக்கியத்துவம் உள்ள செய்தியை அறிக்கையாக வாசிக்க மட்டும் அனுமதிக்கிறது, அதன்மேல் விவாதம் கிடையாது, ஓட்டும் கிடையாது. அதனால் பண அனுமதியும் கிடையாது.

அறிவிப்பு பணமாக மாறும் பாதை இப்படி: துறை கருத்துரு அனுப்பும். நிதித் துறை இசைவு தர வேண்டும். பிறகு நிர்வாக ஒப்புதல் அரசாணை. கட்டட வேலை என்றால் பொறியாளரின் தொழில்நுட்ப ஒப்புதல் தனி. புத்தகத்தில் தலைப்பு இருந்தால் மறு ஒதுக்கீட்டில் பணம் தேடுவார்கள். தலைப்பே இல்லையென்றால் புதுப் பணி, அவைக்குப் போய்த்தான் தீர வேண்டும், அதாவது துணை மதிப்பீடு (ஆண்டின் இடையில் அவையிடம் கூடுதலாகக் கேட்பது). அவ்வளவு பொறுக்க முடியாத அவசரம் என்றால் பிரிவு 267(2)-இன்படி உள்ள எதிர்பாராச் செலவு நிதியிலிருந்து முன்பணம். வெள்ளம், புயல் நிவாரணம் போன்றவற்றில் இதைப் பார்க்கலாம். பின்னால் துணை மதிப்பீட்டில் அவை ஒப்புக்கொண்டதும் அந்த நிதிக்குத் திருப்பிச் செலுத்துவார்கள்.

இதற்குப் பிறகுதான் துறைத் தலைவர் கருவூலத்தின் களஞ்சியம் மென்பொருளில் மாவட்டத்துக்கும் கீழே பணம் பெற்று வழங்கும் அலுவலருக்கும் தொகையைப் பிரித்துவிடுவார். "அலாட்மென்ட் வரவில்லை" என்று ஆபீசில் சொல்வது இந்தக் கடைசிப் படி. அது பொய்யாக இருக்க வேண்டியதில்லை. மேலே பல படி இருக்கிறது, எதில் நின்றிருக்கிறது என்று கேட்பதுதான் கேள்வி.

உப்பளம் | 26 மார்ச், மாலை 5.44

புதுச்சேரிக்காரர்கள் பாக்கியசாலிகள், எங்களுக்கு இன்னொரு படி கூடுதல். ஒன்றியப் பகுதிச் சட்டம் 1963-இன்படி ஆண்டு நிதிநிலை அறிக்கையை அவையில் வைப்பதற்கு முன்பே குடியரசுத் தலைவரின் ஒப்புதல் வேண்டும். அதாவது டெல்லியில் கோப்பு நகர வேண்டும். அது தாமதமானால் மார்ச்சில் முன்பண மானியம் போட்டுவிட்டு முழு பட்ஜெட்டுக்குக் காத்திருப்போம். 2020-இல் ஜூலை 20 அன்றுதான் பட்ஜெட்டே வந்தது.

காரைநகர் | 27 மார்ச், இரவு 7.18

அண்ணை, இலங்கை வடக்கு மாகாணசபையிலை இது என்ன மாதிரி? 2018 ஒக்டோபரோடை சபை முடிஞ்சது, இன்னும் தேர்தல் இல்லை. ஆனா மாகாணத் திணைக்களங்கள் செலவழிச்சுக்கொண்டுதானே இருக்கு?

மேஜர்ஹெட் | 27 மார்ச், இரவு 9.40

1987-இன் 42-ஆம் இலக்க மாகாணசபைகள் சட்டப்படி ஒவ்வொரு மாகாணத்துக்கும் மாகாண நிதியம் என்று ஒன்று உண்டு. சபை இருக்கும்போது ஆண்டு நிதிக்கூற்று வைத்து நிதி ஒதுக்கீட்டு நியதிச்சட்டம் (மாகாணசபை இயற்றும் சட்டம்) நிறைவேற்ற வேண்டும். நிதியாண்டு ஜனவரி முதல் டிசம்பர் வரை. ஆனால் நிதியத்துக்கு வரும் பணத்தில் பெரும்பங்கு கொழும்பிலிருந்து, நிதி ஆணைக்குழுவின் பரிந்துரையில் நாடாளுமன்றம் ஓட்டளித்துத் தருவது. சபை இல்லாத காலத்தில் ஆளுநரின் அதிகாரத்தில் அந்தச் செலவு நடக்கிறது. தேர்ந்தெடுத்த ஓர் உறுப்பினரும் ஓட்டளிக்காமலே வரிசையாக வரவு செலவுத் திட்டங்கள் போய்க்கொண்டிருக்கின்றன. 2013-இல் முதல் சபை வந்து அது வாழ்ந்த ஐந்தாண்டை இந்த இடைவெளி எப்போதோ தாண்டிவிட்டது.

இந்தியாவில் குடியரசுத் தலைவர் ஆட்சி வந்தால் அந்த வேலையை நாடாளுமன்றம் செய்ய வேண்டும். 1988-89 தமிழ்நாட்டு பட்ஜெட் டெல்லியில்தான் நிறைவேறியது. மக்களவை கூட்டத்தில் இல்லையென்றால் பிரிவு 357 இடைக்கால அனுமதிக்கு வழி வைத்திருக்கிறது. ஆளுநர் தனியாகக் கையெழுத்துப் போட்டு வருஷக்கணக்கில் ஓட்ட முடியாது.

சிவகாசி_டைரி | 28 மார்ச், காலை 6.58

நிதி ஒதுக்கச் சட்டமுன்வடிவே தோற்றுவிட்டால்? அல்லது ஆளுநர் கிடப்பில் போட்டால்?

தணிக்கைத்தாள் | 28 மார்ச், காலை 10.10

இரண்டாவதற்கு முதலில். இது பண மசோதா. பிரிவு 200-இன்படி மறுபரிசீலனைக்குத் திருப்பி அனுப்ப முடியாது. கோரிக்கையே ஆளுநரின் பரிந்துரையோடுதான் அவைக்கு வருகிறது, 203(3). சட்டமேலவை இருந்தாலும் பண மசோதாவை 14 நாளுக்கு மேல் நிறுத்த முடியாது. நமக்கு மேலவையே 1986 நவம்பரோடு முடிந்தது.

தோல்விக்கு உத்தராகண்ட். 2016 மார்ச் 18, நிதி ஒதுக்கச் சட்டமுன்வடிவு. காங்கிரஸ் அதிருப்தி உறுப்பினர்கள் 9 பேர் பா.ஜ.க.வோடு சேர்ந்து எண்ணிக்கை ஓட்டெடுப்பு கேட்டார்கள். பேரவைத் தலைவர் குரல் ஓட்டில் நிறைவேறியதாக அறிவித்தார், அது தோற்றது என்று அவர்கள் வாதிட்டார்கள். மார்ச் 27-இல் குடியரசுத் தலைவர் ஆட்சி. ஏப்ரல் 1 நெருங்கியது, சட்டம் இல்லை. ஒன்றிய அரசு அவசரச் சட்டம் போட்டு அந்த மாநிலச் செலவுக்கு முன்பண அனுமதி தந்தது. மே மாதம் நம்பிக்கை வாக்கெடுப்பு நடந்து அரசு திரும்பியது.

இமாச்சலத்தில் 2024 பிப்ரவரி 28 அன்று எதிர்க்கட்சி உறுப்பினர்கள் 15 பேரை வெளியேற்றிவிட்டு பட்ஜெட்டைக் குரல் ஓட்டில் நிறைவேற்றினார்கள். ஓட்டெடுப்புக்கு வரச் சொன்ன கொறடா உத்தரவை மீறியதற்காகக் காங்கிரஸ் உறுப்பினர்கள் 6 பேர் மறுநாள் பதவி இழந்தார்கள். பட்ஜெட் ஓட்டு வெறும் சடங்கு என்பவர்கள் இந்த இரண்டையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

மேஜர்ஹெட் | 1 ஏப்ரல், இரவு 10.05

நேற்று மார்ச் 31. கருவூலங்களில் நள்ளிரவு வரை விளக்கு எரிந்திருக்கும். அதனால் இதையும் எழுதிவிடுகிறேன்.

பிப்ரவரி, மார்ச்சில் வரும் இறுதித் துணை மதிப்பீட்டை ஒரு பத்திரிகையும் விரிவாக எழுதுவதில்லை. நான் பட்ஜெட் உரையைவிட அதைத்தான் முதலில் படிப்பேன். எந்தத் துறைக்குக் கூடுதல், எதற்காக, அந்தக் கூடுதல் எந்தச் சேமிப்பிலிருந்து என்று ஒரு வரி விளக்கத்தோடு இருக்கும். ஆண்டு முழுவதும் எடுத்த முடிவுகள் சட்டமன்றத்தின் கண்ணில் படும் ஒரே இடம் அது.

இனி என்ன பிசகும் என்பது. சிஏஜி (அரசுக் கணக்குகளைத் தணிக்கை செய்யும் தலைமை அதிகாரி) ஆண்டுதோறும் மாநில நிதி அறிக்கையில் எழுதும் குற்றச்சாட்டுகள் பத்தாண்டாகப் பெரிதாக மாறவில்லை. முதல் ஒதுக்கீட்டையே செலவழிக்காத தலைப்புக்குத் துணை மதிப்பீட்டில் மேலும் வாங்குவது. சேமிப்பு இருப்பது டிசம்பரிலேயே தெரிந்தும் மார்ச் 31 அன்று நிதித் துறையிடம் ஒப்படைப்பது, அதனால் தேவையான துறைக்கு அது பயன்படாமல் போவது. உண்மைச் சேமிப்பைவிட அதிகமாக ஒப்படைத்துவிட்டு ஆண்டு முடிவில் மிகைச் செலவில் (ஒதுக்கியதைத் தாண்டிய செலவு) நிற்பது. ஆண்டுச் செலவின் பெரும்பங்கை மார்ச்சில் மட்டும் கொட்டுவது.

கடைசியதோடு ஒட்டியது தனிவைப்புக் கணக்கு. ஒதுக்கீடு காலாவதியாகாமல் இருக்க மார்ச் கடைசியில் தொகையை எடுத்து 8443 என்ற பொதுக் கணக்குத் தலைப்பில் போட்டு வைப்பார்கள். ஏட்டில் செலவு. களத்தில் ஒரு செங்கல்லும் நகர்ந்திருக்காது. பண்டிகைக்கு முந்தின நாள் சமைத்து ஃபிரிட்ஜில் அடைத்துவிட்டு "விருந்து போட்டாயிற்று" என்று கணக்கெழுதுவது மாதிரி.

திருப்பாச்சேத்தி | 2 ஏப்ரல், காலை 7.22

மென்பொருளே மீதியைப் பார்த்துத்தான் பில் எடுக்கும் என்றால் மிகைச் செலவு எப்படி வரும்?

தணிக்கைத்தாள் | 2 ஏப்ரல், காலை 9.30

கருவூலத்தில் பில்லாக வராத செலவு உண்டு. கடன் வட்டி, கடன் திருப்பம், நிதியங்களுக்கு மாற்றும் புத்தகச் சரிக்கட்டல் ஆகியவற்றை மாநிலக் கணக்காயர் அலுவலகம் நேரே கணக்கில் ஏற்றும். ரிசர்வ் வங்கியில் சில நாளுக்கு எடுத்துத் திருப்பும் கைமாற்று முன்பணம் ஒவ்வொரு முறையும் 6003 என்ற கடன் தலைப்பில் திருப்பமாக ஏறும், பத்து முறை சுழன்றால் பத்து மடங்கு. தலைப்பு மாற்றிப் பதிவது இன்னொரு காரணம்.

மிகைச் செலவு வந்தால் பிரிவு 205-இன்படி அவை மறுபடி ஓட்டளித்து முறைப்படுத்த வேண்டும். ஒரு கோரிக்கையில் ஆயிரம் கோடி மீதி, இன்னொன்றில் ஒரு ரூபாய் மிகை என்றாலும் அந்த ஒரு ரூபாய்க்கு ஓட்டு வேண்டும். முதலில் சிஏஜி நிதி ஒதுக்கக் கணக்கில் சுட்டிக்காட்டும். அவையின் பொதுக் கணக்குக் குழு காரணம் கேட்டுப் பரிந்துரைக்கும். பிறகு அவை. இது முடிய ஆண்டுகள் ஆகும். அதற்குள் அரசே மாறியிருக்கும்.

அலட்சியமாக விட்டால் என்ன ஆகும் என்பதற்கு பிகார். கால்நடைத் துறை ஒதுக்கீட்டைத் தாண்டிக் கருவூலங்களில் பணம் எடுத்தது வருஷக்கணக்கில் கணக்கு ஏட்டில் மிகையாகத் தெரிந்துகொண்டே இருந்தது. 1996-இல்தான் மாட்டுத்தீவன ஊழலாக வெடித்தது.

வைகைக்கரை | 3 மே, மாலை 4.50

நீங்கள் சொன்னபடி தேடினேன். ஒன்றியப் பள்ளிதான், கோரிக்கை 42-இல் இருக்கிறது. ஆனால் திட்டத் தலைப்புக்கு எதிரே "1" என்று மட்டும் போட்டிருக்கிறது. ஒரு கோடியா?

மேஜர்ஹெட் | 3 மே, மாலை 6.12

புத்தகம் முழுவதும் ஆயிரம் ரூபாயில். எனவே "1" என்றால் ஆயிரம் ரூபாய்.

அது அடையாளத் தொகை. புதுப் பணிக்கு அவையின் ஒப்புதல் வேண்டும், ஆனால் இப்போது பணம் கேட்கவில்லை, வேறு தலைப்புச் சேமிப்பிலிருந்தோ துணை மதிப்பீட்டிலோ பின்னால் பார்த்துக்கொள்கிறோம் என்று பொருள். கதவு திறந்திருக்கிறது, உள்ளே இன்னும் ஒன்றும் வைக்கவில்லை. பக்கத்துப் பத்தியில் 2024-25-இன் திருத்த மதிப்பீட்டையும் பாருங்கள். அதுவும் 1 என்றால் போன வருஷமும் இதே நிலை.

தகவல் உரிமை மனுவில் "எப்போது கட்டுவீர்கள்" என்று கேட்காதீர்கள், அதற்கு "அரசின் பரிசீலனையில்" என்று ஒரு வரி வரும். நான்கு விஷயம் கேளுங்கள்: நிர்வாக ஒப்புதல் அரசாணை எண்ணும் நாளும், செலவு பதிவாகும் முழுக் கணக்குத் தலைப்பு, அந்தத் தலைப்பில் இந்த ஆண்டு மறு ஒதுக்கீட்டில் வந்த தொகை, உங்கள் மாவட்டத்துக்குப் பிரித்து அனுப்பிய தொகை. மனு மாவட்ட ஊரக வளர்ச்சி முகமையின் பொதுத் தகவல் அலுவலருக்கு. பள்ளிக் கல்வி அலுவலகத்துக்கு அனுப்பினால் சட்டப்படி 5 நாளுக்குள் மாற்றி அனுப்ப வேண்டும், ஆனால் அந்த 5 நாளை நம்பி உட்கார வேண்டாம்.

வைகைக்கரை | 3 மே, இரவு 8.30

திருத்த மதிப்பீட்டிலும் 1 தான்.